எண்ணிக்கையும் பெயரும்: பொது நினைவகப் பக்கங்களின் கணக்குப் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

ஒரு பொருள் எத்தனை பேருக்கு உரியது என்பதும், அது யார் யாருக்கு உரியது என்பதும் வேறுவேறான வினாக்களாகும். முதலாவதற்கு ஓர் எண் போதும். இரண்டாவதற்குப் பெயர்கள் வேண்டும். அன்றாட வாழ்வில் இவ்விரண்டையும் ஒன்றாக மயங்கக் கொள்வதாற் பெருந்தீங்கு நேர்வதில்லை. ஆனால் கணக்கு வைப்பதையே தன் முதற்கடமையாகக் கொண்ட ஓர் அமைப்பு இவ்வாறு மயங்குமாயின் விளைவது யாது? கணினியின் பணிசெயல் முறைமைக்குக் கருவாக அமைந்தது கேர்னல் எனப்படும் பகுதி. பல செயன்முறைகள் பொதுவில் வைத்திருக்கும் நினைவகப் பக்கங்களை அது எவ்வாறு கணக்கில் வைத்துக்கொள்கின்றது என்பதை, லினக்ஸ் கேர்னலின் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு வரலாற்றை ஆதாரமாகக் கொண்டு ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது.

கலைப்பீட மாணவர் ஒருவர் இத்துறையுட் புகுவது பொருத்தமோ எனச் சிலர் வினவக்கூடும். லினக்ஸின் மூலநிரல் எவரும் எடுத்து வாசிக்கக்கூடிய ஒரு பனுவல். அதனுள்ளே உரை உண்டு, பாடபேதம் உண்டு. ஒவ்வொரு திருத்தத்துடனும் திருத்தியவர் பெயரும், நாளும், திருத்தியதற்கான காரணமும் பதியப்பட்டுள்ளன. நமது ஏட்டுச்சுவடிகளுக்கு இத்தகையதொரு பாட வரலாறு கிடைத்திருக்குமாயின் உ. வே. சாமிநாதையரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் எத்துணைக் காலத்தை மிச்சப்படுத்தியிருப்பர்! ஆகவே பனுவலை வாசிக்கப் பயின்றவர்க்கு இங்கும் வேலை இருக்கின்றது. பொறியியலாளர் இதன் வேகத்தை அளக்கட்டும். நாம் அது பயன்படுத்தும் சொற்களையும், அச்சொற்களுக்குப் பின்னால் நிற்கும் கருத்துக்களையும் நோக்கலாம்.

விடயத்தை அறியாதார்க்கு முதலிற் சிறு விளக்கம். கணினியின் நினைவகம் பெரும்பாலும் 4096 பைட் கொண்ட துண்டுகளாகப் பிரித்து ஆளப்படுகின்றது. அத்துண்டுக்குப் பக்கம் என்று பெயர். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு செயன்முறையும் தனக்கென முழு நினைவகமும் இருப்பதாக எண்ணிக்கொள்கின்றது. உண்மையில் அதற்கு இருப்பது ஒரு பக்க அட்டவணை மட்டுமே. ‘நீ இந்த முகவரி என்று சொல்வது மெய்யான நினைவகத்தில் இன்ன பக்கம்’ என்று அவ்வட்டவணை சுட்டும். இரு செயன்முறைகளின் அட்டவணைகள் ஒரே மெய்ப்பக்கத்தைச் சுட்டுவதற்குத் தடை யாதும் இல்லை. எல்லா நிரல்களுக்கும் வேண்டப்படும் சி மொழியின் அடிப்படை நிரற்றொகுதி நினைவகத்தில் ஒரு தடவையே இருக்கும், நூறு செயன்முறைகள் அதனைச் சுட்டும். ஒரு செயன்முறை தன்னைப் போன்ற பிள்ளைச் செயன்முறையைப் பிறப்பிக்கும்போதும் இதுவே நிகழ்கின்றது. பக்கங்கள் படியெடுக்கப்படுவதில்லை. தாயும் பிள்ளையும் அதே பக்கங்களை வைத்திருப்பர். எவரேனும் ஒருவர் எழுத முனையும் கணத்திலேயே அவருக்கெனத் தனிப்படி எடுக்கப்படும். அதுவரை அது பொது.

‘பொது’ என்ற சொல்லை இங்கு வேண்டுமென்றே ஆள்கின்றேன். ‘ஷெயார்ட் மெமறி’ என்பதனைத் தமிழிற் ‘பகிரப்பட்ட நினைவகம்’ என்று எழுதுவதே வழக்காகிவிட்டது. பகிர்தல் என்றால் பிரித்துக் கொடுத்தல். பகிர்ந்தபின் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கூறு இருக்கும், முழுமை எங்கும் இராது. நினைவகப் பக்கத்தின் நிலை அதுவன்று. அதனைச் சுட்டும் ஒவ்வொரு செயன்முறைக்கும் முழுப் பக்கமும் உரியது. ஊர்க்கிணறு பொது, பாகம்பிரித்த காணி பங்கு. ஆங்கிலச் சொல் இவ்விரண்டு பொருளையும் ஒருங்கே தாங்குவதால் ஆங்கிலத்திற் சிந்திப்போருக்கு இவ்வேறுபாடு எளிதிற் புலப்படுவதில்லை. தமிழ் இயல்பாகவே பிரித்துக் காட்டும் ஒன்றை, மொழிபெயர்ப்பில் நாமே குழப்பிக்கொண்டோம். இது வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. பொதுவாய் இருப்பதைப் பங்காக எண்ணியதாலும், பங்கினரின் தொகையைப் பங்கினரின் அடையாளமாகக் கருதியதாலும் கேர்னல் நேரிட்ட இடர்களே பின்வரும் வரலாற்றின் பெரும்பகுதியாகும்.

பக்க அட்டவணை ஒரு திசையில் மட்டுமே பேசும். செயன்முறையைக் கேட்டால் அதன் பக்கங்களைச் சொல்லும். பக்கத்தைக் கேட்டால் அதன் செயன்முறைகளைச் சொல்லாது. நினைவகம் நிறைந்துவிடுமாயின் ஏதேனும் ஒரு பக்கத்தை வெளியேற்ற வேண்டும். அவ்வாறு வெளியேற்றுமுன் அதனைச் சுட்டும் அட்டவணைகள் அனைத்திலும் அச்சுட்டை அழித்தாக வேண்டும். அவை யாவை? 2002ஆம் ஆண்டு வரை லினக்ஸிடம் இதற்கு நேரடி விடை இருக்கவில்லை. ஒவ்வொரு செயன்முறையின் அட்டவணையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போயிற்று. மாக், பி.எஸ்.டி. போன்ற முறைமைகள் பக்கத்திலிருந்து செயன்முறைக்குச் செல்லும் எதிர்வழிச் சுட்டினை அதற்கு முன்னரே கொண்டிருந்தன என்பதை நோக்கும்போது லினக்ஸின் தாமதம் வியப்பளிக்கின்றது.

நமக்குப் பழக்கமான ஓர் ஏற்பாட்டுடன் இதனை ஒப்பிடலாம். ருவான்வெல்லையிற் காணி வாங்குவோர் கேகாலைக் காணிப் பதிவகத்திலே தேடுதல் செய்வர். அங்கு பதிவுகள் ஆட்களின் பெயர்வரிசையில் ஒழுங்கு செய்யப்பட்டவை அல்ல. ஒவ்வொரு காணிக்கும் ஒரு தொகுதி இலக்கமும் ஃபோலியோ இலக்கமும் உண்டு. அக்காணி பற்றிய உறுதிகள் யாவும் அந்த ஃபோலியோவிலே ஒன்றன்பின் ஒன்றாகப் பதியப்படும். ஆளைக் கேளாமற் காணியையே கேட்கும் முறை இது. ‘பிரிபடாத எட்டிலொரு பங்கு’ என்று உறுதிகள் பேசும் சப்பிரகமுவ நாட்டுப்புறத்தில் வேறெந்த முறையும் ஒரு நாளும் நின்றுபிடித்திராது. ஆட்களின் பெயர்வழியே தேட முற்பட்டால் பேரன் பூட்டன் என்று ஊர் முழுவதையும் தட்ட வேண்டிவரும். 2002க்கு முந்திய லினக்ஸ் அதனைத்தான் செய்துகொண்டிருந்தது.

ரிக் வான் றீல் ஆக்கிய எதிர்வழிச் சுட்டு 2002 யூலையில் கேர்னலின் வளர்நிலைப் பதிப்பிற் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சங்கிலி, அச்சங்கிலியில் அப்பக்கத்தைச் சுட்டும் அட்டவணைப் பதிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு கணு என்பது அதன் அமைப்பு. வினாவுக்கு நேரான விடை கிடைத்தது. ஆனால் விலை அதிகம். பக்கங்கள் இலட்சக்கணக்கானவை, ஒவ்வொன்றையும் பலர் சுட்டுவர். சங்கிலிகளே நினைவகத்தைத் தின்னத் தொடங்கின. பிள்ளைச் செயன்முறை பிறக்கும் ஒவ்வொரு தடவையும் ஆயிரக்கணக்கான கணுக்களைக் கோக்க வேண்டியதாயிற்று. பெயர்ப்பட்டியல் நேர்மையானதுதான், ஆனால் எழுதி முடிக்க இயலாதது.

இதற்குத் தீர்வாக டேவ் மக்ரக்கன் 2003இல் முன்வைத்த கருத்தை இவ்வரலாற்றின் மிகச் சிறந்த சிந்தனை எனக் கூறத் தயங்க மாட்டேன். பக்கம் தன்னை வைத்திருப்போரின் பெயர்களை எழுதி வைக்க வேண்டியதில்லை. தான் எந்தக் கோப்பின் எத்தனையாவது பகுதி என்பதை மட்டும் அறிந்திருந்தாற் போதும். அக்கோப்பினைத் தம் முகவரிவெளியில் விரித்து வைத்திருப்போர் யாவர் என்ற பட்டியல் கோப்பிடம் ஒரே தடவை இருக்கும். பெயர்களை எழுதுவதற்குப் பதிலாகப் பெயர்களைக் கண்டுபிடிக்கும் வழி எழுதி வைக்கப்பட்டது. கோப்புச் சாராத பக்கங்களுக்கு இதற்கிணையான ஏற்பாட்டை அன்டிரியா ஆர்க்காஞ்செலி 2004இல் அமைத்தார். ஒரே கோப்பைப் பல்லாயிரம் செயன்முறைகள் விரித்து வைத்திருக்கும்போது உரிய சிலரை மட்டும் விரைவிற் பொறுக்கி எடுக்கவல்ல மரவடிவ அமைப்பினை அதே ஆண்டில் ராஜேஷ் வெங்கடசுப்பிரமணியன் ஆக்கினார். 2012இல் வேறொரு மரம் அதன் இடத்தைப் பெறும்வரை அது நின்றது. (பெயரைக் கண்டதும் எவ்வூரவர் என்று அறியும் ஆவல் எழுந்ததை மறைப்பதற்கில்லை. பெயரிலிருந்து ஊரை ஊகிப்பது விமர்சனமாகாது என்று அடக்கிக்கொண்டேன்.)

இந்த முறையும் குறையற்றதன்று. ஆயிரம் பிள்ளைகளைப் பெற்ற ஒரு தாய்ச் செயன்முறையை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் ஆயிரம் பக்கங்களில் எழுதித் தனிப்படி பெற்றுவிட்டது எனக் கொள்வோம். இப்போது பத்து இலட்சம் பக்கங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒருவருக்கே உரியது. ஆயினும் எல்லாம் ஒரே குடும்ப ஏட்டின் கீழ் இருப்பதால், ஒரு பக்கத்தின் உரியவரைக் காண ஆயிரம் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும். இவ்வெடுத்துக்காட்டைத் தந்து, ரிக் வான் றீலே 2010இல் ஏட்டைக் கிளைக் கிளையாகப் பிரித்தார். பாகம்பிரித்த பின்னும் உறுதியிற் பழைய முழுக்காணியின் பெயரே நிற்பதால் வரும் தொல்லையை அறிந்தவர்க்கு இது புதிதாய்த் தோன்றாது.

இதுவரை கூறியது ‘யார்’ என்ற வினாவின் வரலாறு. அடிக்கடி கேட்கப்படும் வினா அதுவன்று. ‘எத்தனை பேர்?’ என்பதே, அதிலும் குறிப்பாக ‘நான் ஒருவன்தானா?’ என்பதே, ஒவ்வொரு கணமும் கேட்கப்படுவது. எழுத முனையும் செயன்முறைக்குத் தனிப்படி எடுத்துக் கொடுப்பதா, இருக்கும் பக்கத்திலேயே எழுத விடுவதா என்பது அவ்விடையில் தங்கியுள்ளது. இதற்கெனக் கேர்னல் ஒவ்வொரு மெய்ப்பக்கத்துக்கும் வைத்திருக்கும் சிறு பதிவேட்டில் ஓர் எண்ணி இருக்கின்றது. அப்பதிவேடு வழமையாக 64 பைட் அளவினது. 16 கிகாபைட் நினைவகமுள்ள கணினியில் ஏறத்தாழ 42 இலட்சம் பக்கங்கள். அவற்றின் பதிவேடுகளுக்கே 256 மெகாபைட் செலவாகின்றது. பெயர் எழுத இடமில்லை என்று கேர்னல் கூறுவதை இந்தக் கணக்கை வைத்தே புரிந்துகொள்ள வேண்டும். எண்ணியோ நான்கு பைட்டில் அடங்கிவிடும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அவ்வெண்ணி பூச்சியத்தில் தொடங்குவதில்லை. சய ஒன்றில் தொடங்குகின்றது. எவரும் சுட்டாத பக்கத்தின் எண் -1, ஒருவர் சுட்டினால் 0.

இவ்விடத்தில் எமது பகுதியின் ஒரு சொல்வழக்கு நினைவுக்கு வருகின்றது. ருவான்வெல்லை, தெஹியோவிட்ட, எட்டியாந்தோட்டைப் பகுதி றப்பர்த் தோட்டங்களிலும், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலும் ஒருநாள் வேலைக்குரிய பதிவைப் ‘பேர்’ என்பர். காலையிற் பெரட்டுக்களத்தில் நின்று, குறித்த அளவு பால் வெட்டிக் கொணர்ந்தவருக்குச் செக்றோலில் ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர். ‘இந்த மாசம் எத்தனை பேர்?’ என்று கேட்டால் ஆட்களின் தொகையைக் கேட்பதாக எவரும் பொருள்கொள்ளார். அந்த மாதம் விழுந்த வேலைநாட்களைக் கேட்பதாகவே கொள்வர். மனிதரை அடையாளம் காட்டப் பிறந்த சொல் ஓர் எண்ணலகாகித் தேய்ந்துவிட்டது. பாதியாக வெட்டப்படக்கூடிய ஒரே பெயர் உலகில் இதுவாகத்தான் இருக்கும். செக்றோலை எழுதிய கணக்கப்பிள்ளைக்கு அது போதுமானதாயிருந்தது; சம்பளம் போடுவதற்கு எண் போதும். ஆனால் அந்த ஏட்டிடம் அதற்கு அப்பாற்பட்ட ஒரு வினாவைக் கேட்டால் அது எதைக் காட்டி விடை கூறும்? கேர்னலின் எண்ணிக்கும் இதே நிலைதான் 2020இல் நேர்ந்தது.

அவ்வாண்டு கூகிளின் பாதுகாப்பு ஆய்வாளரான யான் ஹோர்ன் எடுத்துக்காட்டிய வழு எளிமையானது. எளிமையே அதன் அச்சம். தாய் ஒரு பிள்ளையைப் பிறப்பிக்கின்றது. பக்கம் பொது, எண்ணி இருவர் என்கின்றது. பிள்ளை அந்தப் பக்கத்தைக் குழாய் எனப்படும் வேறொரு வழியாகவும் பற்றிக்கொள்கின்றது. பின்னர் தன் பக்க அட்டவணையில் உள்ள சுட்டினை மட்டும் அறுத்துவிடுகின்றது. எண்ணி ஒன்றாகக் குறைகின்றது. இப்போது தாய் எழுத வருகின்றது. கேர்னல் எண்ணியைப் பார்த்து, ‘நீ ஒருவன்தான், தனிப்படி தேவையில்லை’ என்று கூறி அதே பக்கத்தில் எழுத விடுகின்றது. தாய் எழுதிய இரகசியத்தைப் பிள்ளை குழாய்வழியே வாசித்துக்கொள்கின்றது. எண்ணி பொய் சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பக்க அட்டவணையிலிருந்து சுட்டுவோர் ஒருவரே. ‘சுட்டுவோர் எத்தனை?’ என்பதற்கு அது சரியான விடையையே தந்தது. கேட்டவர் எடுத்துக்கொண்டதோ ‘இதை வைத்திருப்பது நான் ஒருவன் மட்டுமா?’ என்பதற்குரிய விடையாக. அண்ட்ரோய்ட் கைபேசிகளில் செயலிகள் யாவும் ஒரே தாய்ச் செயன்முறையிலிருந்து பிறப்பவை என்பதை நினைத்தால் இதன் பாரதூரம் புலப்படும்.

லினஸ் டோர்வால்ட்ஸ் இதற்கு அவ்வாண்டிலேயே மாற்றுக் கண்டார். சுட்டுவோரை எண்ணும் எண்ணியை விடுத்து, எவ்வகையிலேனும் பற்றியிருப்போர் அனைவரையும் எண்ணும் வேறோர் எண்ணியைப் பார்க்கும்படி செய்தார். ஒன்றுக்கு மேற்பட்டால் தனிப்படி. பாதுகாப்பானது என்றே தோன்றும். ஆனால் வட்டு, வலையமைப்புச் சாதனம் ஆகியன நேரே எழுதுவதற்கெனக் கட்டிவைக்கப்பட்ட பக்கங்களும் உள்ளன. உரியவர் ஒருவரே எனினும் கணநேரப் பற்று ஒன்று குறுக்கிட்டால் எண்ணி இரண்டைக் காட்டும். கேர்னல் தனிப்படி எடுத்துச் செயன்முறைக்குக் கொடுத்துவிடும். சாதனமோ பழைய பக்கத்திலேயே எழுதிக்கொண்டிருக்கும். உரியவர் கையில் புதுப் பக்கம், வரவேண்டிய தரவு பழைய பக்கத்தில். முதல் வழுவில் உரிமையற்றவர் உள்ளே விடப்பட்டார். இரண்டாவதில் உரியவரே வெளியே தள்ளப்பட்டார். இரண்டுக்கும் மூலம் ஒன்றே. ஓர் எண்ணிக்குப் பதிலாக இன்னோர் எண்ணியைக் கேட்டமையால் வினா மாறிவிடவில்லை.

டேவிட் ஹில்டன்பிராண்ட் 2022இற் கொணர்ந்த திருத்தம் இவ்வகையில் ஒரு திருப்பமாகும். எண்ணுவதைக் கைவிட்டு, ‘இப்பக்கம் ஒருவருக்கே உரியது’ என்ற கூற்றையே ஒரு பிட்டாகப் பக்கத்தின் பதிவேட்டில் அவர் எழுதி வைத்தார். பக்கம் பிறக்கும்போது அக்குறி இடப்படுகின்றது. பிள்ளைச் செயன்முறை பிறந்து பக்கம் பொதுவாகும்போது அழிக்கப்படுகின்றது. சாதனத்துக்கெனக் கட்டப்பட்ட பக்கம் பொதுவாக்கப்படுவதே இல்லை; பிள்ளைக்கு உடனே தனிப்படி கொடுக்கப்படும். உரிமையை எண்ணிலிருந்து உய்த்துணராமல் உரிமை தோன்றும் கணத்திலேயே பதிவது என்பது ஒரு பெரிய மாற்றம். ஒரு பிட்டுக்கு இருபது ஆண்டுகள் எடுத்தன என்று சிரிக்கலாம். ஆனால் எண்ணிக்கையிலிருந்து உரிமையை உய்த்துணரும் பழக்கம் எத்துணை ஆழமானது என்பதற்கும் அந்த இருபது ஆண்டுகளே சான்று.

அப்பழக்கம் இயந்திரத்துக்கு மட்டும் உரியதன்று. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரை ஏறத்தாழ 975,000 பேர் என மதிப்பிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பற்றிப் பின்னர் தீர்மானிக்கலாம் என்றது. 1974இல் அந்த எஞ்சிய தொகையும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. எண் முதலில் முடிவாகியது. எண்ணை நிரப்புவதற்கான பெயர்கள் பின்னரே தேடப்பட்டன. ஒரே லயத்தில், சில வேளை ஒரே காம்பராவில், எவர் எந்த எண்ணில் அடங்குவர் என்பதற்கு அந்த ஒப்பந்தத்தில் விடை இல்லை. ‘எத்தனை’ என்பதற்கான விடையை ‘யார்’ என்பதற்கான விடையாக ஆள முற்பட்டால் பிழையின் சுமை எங்கே போய் விழும் என்பதை அறிய எமது பாட்டன் பாட்டிமார் மூலநிரல் வாசிக்க வேண்டியிருக்கவில்லை. இவ்வொப்புமையை மிகைப்படுத்த நான் விரும்பவில்லை. பக்கம் அழுவதில்லை. ஆயினும் கணக்கேட்டின் தருக்கம் இரண்டிலும் ஒன்றே என்பதை மறுப்பது கடினம்.

மீண்டும் கேர்னலுக்கு வருவோம். அண்மைக் காலத்தில் தனிப்பக்கங்களுக்குப் பதிலாகப் பக்கக் கட்டுக்களை ஓர் அலகாக ஆளும் முறை பரவியுள்ளது. மத்தியூ வில்கொக்ஸ் முன்வைத்து, 2022 சனவரியில் வெளிவந்த பதிப்பில் இடம்பெற்ற அவ்வலகின் பெயர் ஃபோலியோ. கேகாலைப் பதிவகத்துச் சொல் ஒன்று இங்கு எதிர்ப்படுவது தற்செயலே எனினும் இரசிக்கத்தக்கது. 512 பக்கங்கள் சேர்ந்த 2 மெகாபைட் ஃபோலியோ ஒன்றை எண்ணுங்கள். ஒரு செயன்முறை அதில் நூறு பக்கங்களைச் சுட்டலாம். இன்னொன்று முழுவதையும் சுட்டலாம். அது ஒருவருக்கு உரியதா, பொதுவா? இதற்கு விடை கூறும் சார்பின் பெயர் மூன்று ஆண்டுகளில் அடைந்த மாற்றத்தைப் பாடபேத ஆராய்ச்சியாளர் எவரும் தவறவிடமாட்டார். 2023இல் அதற்கு ‘எஸ்டிமேட்டட் ஷெயரர்ஸ்’ என்று பெயர்; அதாவது, மதிப்பிட்ட பங்காளர் தொகை. ஃபோலியோவின் முதற் பக்கத்து எண்ணியை மட்டும் பார்த்து அது விடை சொல்லிற்று. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு; பானை ஒன்றாயினும் சோறு ஒன்றல்ல என்பதை மறந்த கணக்கு. 2024இல் ‘லைக்லி மாப்ட் ஷெயார்ட்’ ஆயிற்று. பெரும்பாலும் பொது. 2025இல் ‘மேபி மாப்ட் ஷெயார்ட்’. ஒருவேளை பொது.

தொகையில் தொடங்கி, நிகழ்தகவாகி, ஐயத்தில் வந்து நிற்கும் இப்பெயர்மாற்றத்தைத் தேய்வு என்று கொள்ளலாகாது. பெயர் தளரத் தளரப் பொறி இறுகியிருக்கின்றது. 2025ஆம் ஆண்டு ஹில்டன்பிராண்ட் அமைத்த முறையில் ஒவ்வொரு பெரிய ஃபோலியோவிலும் இருவரின் அடையாளத்தை எழுத இடமுண்டு. இருவர் மட்டுமே. அவ்விருவரும் தனித்தனியே எத்தனை பக்கங்களைச் சுட்டுகின்றனர் என்பதும், எல்லோரும் சேர்ந்து எத்தனை என்பதும் பதியப்படுகின்றன. ஒருவரின் தொகையும் மொத்தத் தொகையும் சமமாயின் அது அவர் ஒருவருக்கே உரியது. இல்லையேல் ‘ஒருவேளை பொது’. மூன்றாமவர் வந்தால் எழுத இடமில்லை. மொத்தத்தில் மட்டும் சேர்வார். பெயர் எழுதப்பட்ட இருவரும் விலகி மூன்றாமவர் தனித்து நின்றாலும் கேர்னல் அதனைப் பொது என்றே சொல்லக்கூடும்.

இது பிழையன்றோ எனலாம். பிழைதான், ஆனால் எப்பக்கம் சாயும் பிழை என்பதே வினா. ஒருவருக்கே உரியதை ஒருவேளை பொது என்பதால் இழப்பது சிறிது வேகம். பொதுவாய் இருப்பதை ஒருவருக்கே உரியது என்பதால் இழப்பது 2020இல் கண்டது. தீங்கு குறைந்த பக்கம் சாய்ந்து பிழைபடுமாறு திட்டமிட்டு, அச்சாய்வைப் பெயரிலேயே அறிவித்தும் விடும் இந்த ‘மேபி’யை நான் முழுமனதுடன் பாராட்டுகின்றேன். தன் அறியாமையைத் தலைப்பிலே எழுதிவைக்கும் நூல்கள் நம்மிடையே அதிகமில்லை.

பாராட்ட இயலாத ஒன்றும் இக்கேர்னலில் உண்டு. செயன்முறைகளைக் குழுக்களாகப் பிரித்துக் குழுவுக்கு இவ்வளவு நினைவகம் என வரையறுக்கும் ஏற்பாடு 2008இல் வெளிவந்த பதிப்பிற் சேர்ந்தது. அக்காலத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தின் இந்தியக் கிளையிற் பணியாற்றிய பல்பீர் சிங் அதன் முதன்மை ஆக்குநர். பல குழுக்கள் பயன்படுத்தும் பொதுப் பக்கத்தை எக்குழுவின் கணக்கில் எழுதுவது? முதலிற் தொட்டவர் கணக்கில் முழுவதும் என்று தீர்த்தனர். அதிகம் பயன்படுத்துவோர் கணக்கில் அது காலப்போக்கில் வந்து சேரும் என்பது ஆவணத்திற் கூறப்பட்ட நியாயம். நெருக்கடி வந்து பக்கம் வெளியேற்றப்பட்டு, மறுபடி தொடப்படும்போதுதான் அந்தக் காலப்போக்கு வரும். நெருக்கடி வராதவிடத்து முதலில் தொட்டவர் சுமந்துகொண்டேயிருப்பார். குழு கலைக்கப்பட்ட பின்னும் அதன் பேரில் எழுதிய பக்கங்கள் எஞ்சியிருந்தால் அக்குழுவின் ஏடு மூடப்படாமற் கிடக்கும். அவற்றை ‘இறக்கும் குழுக்கள்’ என்றே கேர்னலாளர் அழைத்தனர். 1921 வரை தோட்டங்களில் நடைமுறையிலிருந்த துண்டு முறை நினைவுக்கு வருகின்றது. தொழிலாளியின் கடன் எழுதிய சீட்டு அவரோடு கட்டப்பட்டிருந்தது. கடனைத் தீர்ப்பவர் இன்றி அவர் வேறு தோட்டத்துக்கு நகர இயலாது. அங்கு கடன் ஆளைப் பிடித்து வைத்தது. இங்கு ஆள் போன பின்னும் கடன் நிற்கின்றது.

இதற்கு மாற்றாக ஒரு கணிப்பும் அதே 2008இல் வந்தது. பக்கத்தின் அளவை அதனைச் சுட்டுவோர் தொகையால் வகுத்து ஒவ்வொருவருக்கும் அந்த விகிதத்தைக் கணக்கிடுவது. ‘பி.எஸ்.எஸ்.’ என்பது அதன் சுருக்கம். பத்துப் பேர் சுட்டும் பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் பத்திலொன்று. பார்வைக்கு நீதியானது, பொதுவைப் பங்காக மாற்றும் கலை இதுவே. ஆனால் ஒன்பது பேர் விலகினால் பத்தாமவர், ஒரு பைட்டும் புதிதாகத் தொடாத நிலையிலேயே, பத்து மடங்கு உண்பவராகக் காட்சியளிப்பார். அவர் விலகினாலோ பத்திலொன்று மீளப்போவதில்லை. ஏனெனில் பக்கம் ஏனையோருக்காக அங்கேயே இருக்கும். பிரிபடாத பங்கை விற்றவன் கையில் மண் ஒருபிடியும் இல்லாதது போன்ற நிலை. முதலிற் தொட்டவர் விதியும் விகித விதியும் ஒரே குறையின் இரு முகங்கள். பொதுவாய் இருப்பது பொதுவாகவே கணக்கில் நிற்பதற்கு ஓர் ஏடு வேண்டும். அதாவது, எந்த ஒருவருடைய கணக்கிலும் எழுதப்படாத, எல்லோருக்கும் மேலுள்ள தாய்க்குழுவின் பேரில் நிற்கும் ஒரு பக்கம். 2019இல் கேர்னலின் உள்ளகச் சிறுபொருட்களின் கடன் மட்டும், குழு கலையும்போது தாய்க்குழுவுக்கு மாற்றப்படும் ஒழுங்கு வந்தது. திசை சரியானது.

2025இல் வந்த அதே திருத்தத்துடன் பரிசோதனை நிலையில் இன்னொரு தெரிவும் சேர்க்கப்பட்டது. அதனைத் தெரிந்தெடுத்துக் கேர்னலை ஆக்கினால், பெரிய ஃபோலியோக்களுள் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி எண்ணி வைக்கும் வழக்கமே கைவிடப்படும். ஃபோலியோவின் மொத்தமும் அந்த இரு பெயர்களும் மட்டும் எஞ்சும். விகிதக் கணக்குக் கேட்போருக்கு ஃபோலியோ முழுவதற்குமான சராசரி கொடுக்கப்படும். எந்தப் பக்கத்தை எத்தனை பேர் சுட்டுகின்றனர் என்ற வினாவுக்கு அந்தக் கேர்னலிடம் விடையே இராது. இரண்டே பெயர்களை எழுத இடம் பெற்ற ஏடு, எண்ணுவதை விடத் தொடங்கியிருக்கின்றது.